நாற்காலியில் சாகும் நரகாசுரன்

மீசை காய்ந்துவிட்டதா என்று பார்த்துவரச் சொன்னாள் பாலாம்பாள். அதுதான் அவள் பட்டாபிராமனிடம் கடைசியாகச் சொன்ன வேலை.

முந்தின வருஷத்துக் கோந்து ஒட்டி விறைத்துப் போயிருந்த நரகாசுரன் மீசையை அன்று காலையில் ஷாம்பு போட்டு அலசி, மொட்டைமாடிக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்தாள். சாயங்காலம் நாடகம். ஐப்பசியில் தாம்பரத்தில் எதுதான் சீக்கிரம் காய்கிறது?

"ஏன்னா, தொட்டுப் பாருங்கோ. ஈரமா இருந்தா வெயில் பக்கமா மாத்திப் போடுங்கோ."

அடுக்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மாலாடுக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அவர் மாடிக்குப் போனார். தொட்டார். ஈரம். இரண்டு பனியன்களை ஒதுக்கிவிட்டு, வெயில் விழுந்த இடத்துக்கு மீசையை மாற்றினார். கீழே இறங்கி வந்து, "இன்னும் காயலை" என்றார். பதில் இல்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று கொஞ்சம் உரக்க, "இன்னும் காயலை" என்றார். சல்லடை அவள் மடியில் அப்படியே இருந்தது. பாதி மாவு தட்டில், பாதி மாவு சல்லடையில். இனி அந்தச் செய்தி யாருக்கும் தேவையில்லை என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த வருஷம் லட்சுமிபதி நகரில் நரகாசுரன் சாகவில்லை.

இரும்புலியூரை ஒட்டிய அந்தச் சின்னக் காலனியில் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நரகாசுர வதம் போடுவது வழக்கம். கிருஷ்ணராக நடிக்க எப்போதும் அடிதடி. ஒரு வருஷம் மூன்று கிருஷ்ணர்கள் ஒரே தேரில் வந்து, சத்தியபாமாவுக்கு நிற்க இடம் இல்லாமல் போனது. அசுரனாக நடிக்கத்தான் ஆள் கிடையாது. மேடையில் செத்தால் அந்த வருஷம் புரமோஷன் வராது என்று ஒரு வங்கி மேலாளர் கண்டுபிடித்துச் சொன்னதிலிருந்து ஆண்கள் எல்லாரும் ஒதுங்கிக்கொண்டார்கள். பாலாம்பாள் அப்போதுதான் பள்ளியில் வேதியியல் ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். "எனக்கு இனிமே என்ன புரமோஷன்? நான் சாகறேன்" என்று மீசையை ஒட்டிக்கொண்டாள்.

அவளுக்கு மூட்டுவலி. கீழே விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்பதால் அவளுடைய நரகாசுரன் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அம்பு வாங்கி, உட்கார்ந்தபடியே வரம் கேட்டு, உட்கார்ந்தபடியே சாவான். அம்பைக் கக்கத்தில் பிடித்துக்கொள்வதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

மீசையைச் செய்தது சபீஹா. ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் தையல் கடை வைத்திருப்பவள். நாடகத்துக்கு உடை தைப்பதும், திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். பாலாம்பாளின் பழைய சவுரியை வெட்டும்போது இடது பக்கம் ஒரு விரல் நீளமாகிவிட்டது. அந்தக் கனத்தைக் கோந்து தாங்காது. வரம் கேட்டு முடிக்கிற நேரத்துக்குச் சரியாக இடது மீசை கழன்று தொங்கும். சரிசெய்து தருகிறேன் என்று சபீஹா எத்தனையோ தடவை கத்தரிக்கோலோடு வந்தாள். பாலாம்பாள் விடவில்லை. திரை இழுக்கும் பட்டாபிராமனுக்கு வேறு எந்தச் சைகையும் புரியாது என்பது அவளுக்குத் தெரியும். அவர் பக்கவாட்டில் கயிற்றைப் பிடித்தபடி மீசையையே பார்த்துக்கொண்டிருப்பார். மீசை விழுந்தால் திரை விழும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

அவள் போய்ப் பதினொரு மாதம் ஆனபின் பேரவையிலிருந்து சுற்றறிக்கை வந்தது.

தென்புறநகர்க் குடியிருப்போர் பண்பாட்டு ஒருங்கிணைப்புப் பேரவை என்பது முதலில் குப்பைக்காகத் தொடங்கப்பட்டது. இரும்புலியூரிலிருந்து பெரும்பாக்கம் வரை உள்ள காலனிகளில் குப்பை வண்டி ஒழுங்காக வரவேண்டும் என்பதே அதன் ஒரே நோக்கம். இரண்டு வருஷம் பாடுபட்டுப் பார்த்தது. குப்பை அசைவதாகத் தெரியவில்லை. பண்பாடு அவ்வளவு அடம்பிடிக்காது என்று தெரிந்ததும் பேரவை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்தவர் ஹரிபிரசாத், ஒப்பீட்டுச் செயலர். ஒரே அசுரன் ஒரே வட்டாரத்தில் பல முறைகளில் கொல்லப்படுவது பொதுமக்களிடையே குழப்பம் விளைவிப்பதாகப் பேரவையின் கவனத்துக்கு வந்திருக்கிறதாம். எனவே மேடை வடிவத்தையும், பேரவையே எடுத்திருக்கும் திரைப்பட வடிவத்தையும் ஒப்பிட்டு, எது சிறந்தது என்று ஒரு குழு தீர்மானிக்கும். வெல்லும் வடிவமே இனி எல்லாக் காலனிகளிலும். படம் வென்றால் லட்சுமிபதி நகரின் சிமெண்ட் மேடையில் நிரந்தரமாக எல்.ஈ.டி. திரை பொருத்தப்படும்.

"படம் வென்றால்" என்ற இடத்தில் முதலில் "படம் வென்றதும்" என்று அச்சாகி, பேனாவால் திருத்தப்பட்டிருந்தது.

மேடை வடிவத்தின் சார்பில் ஆஜராக பட்டாபிராமனை அழைத்திருந்தார்கள். அவருக்குப் போக விருப்பமில்லை. ஆனால் அழைப்பு வந்த இடத்துக்குப் போகாமல் இருக்க அவருக்குத் தெரியாது. அரசு அச்சகத்தில் முப்பது வருஷம் இருந்தவர்.

பேரவையின் அலுவலகம் கோவிலம்பாக்கத்தில், குளியலறைச் சாமான் கடைக்கு மேலே. வாஷ்பேசின்களுக்கு நடுவே நடந்து, வரிசையாக வைத்திருந்த கக்கூஸ் கோப்பைகளைத் தாண்டி மாடி ஏறவேண்டும். தலைவர் ராஜகோபால் ஏற்கெனவே மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. அறையில் அவரையும் ஹரிபிரசாத்தையும் தவிர வேறு யாரும் இல்லை.

தலைமையுரை ஆற்றினார்.

"நடுநிலை என் ரத்தத்தில் ஊறியது. சர்வீஸில் இருந்தபோது எந்த ஃபைல் வந்தாலும் இரண்டு தரப்பையும் சமமாகக் காக்க வைத்தவன் நான். இந்தப் படத்தை எடுத்தது என் அக்கா மகன் அனிருத் என்பதால் அந்தப் பக்கம் சாய்வேன் என்று சிலர் பேசுகிறார்கள். உறவு வேறு, கலை வேறு. படத்தில் கிருஷ்ணராக நடித்திருப்பது நான்தான். மறைக்கவில்லை. அது இயக்குநர் எடுத்த முடிவு. தயாரிப்பாளரும் ஏற்றுக்கொண்டார். தயாரிப்பாளர் என் மனைவி. ஆக, எனக்கென்று இதில் தனிப்பட்ட விருப்பம் எதுவும் கிடையாது. தீர்ப்பு எப்படி வந்தாலும் படத்தின் வெளியீட்டுத் தேதியில் மாற்றம் இருக்காது என்பதை மட்டும் சொல்லிக்கொண்டு, ஒப்பீட்டைத் தொடங்கி வைக்கிறேன்."

ஹரிபிரசாத் கைதட்டினார். பட்டாபிராமனும் தட்டினார், தட்டவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து.

பிறகு, எந்தத் தகுதியில் வந்திருக்கிறீர்கள் என்று ஹரிபிரசாத் கேட்டார். திரை இழுப்பவன் என்றார் இவர். அது வேலை, தகுதி இல்லை என்றார் அவர். பட்டாபிராமன் தோள்பையிலிருந்து வாரிசுச் சான்றிதழின் நகல் ஒன்றை எடுத்து நீட்டினார். அந்த ஒரு வருஷத்தில் அவர் போன இடமெல்லாம் அதைத்தான் கேட்டார்கள். அதனால் எங்கே போனாலும் நாலைந்து பிரதி கையோடு கொண்டுபோகும் பழக்கம் வந்துவிட்டது. காய் வாங்கப் போகும்போதுகூட.

ஹரிபிரசாத் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "இது பாலாம்பாள் மேடத்துக்கு நீங்க வாரிசுன்னு சொல்லுது. நரகாசுரனுக்கு நீங்க வாரிசுன்னு எங்க இருக்கு?"

"நரகாசுரனா நடிச்சது அவதான்."

"அது எங்களுக்குத் தெரியும் சார். ஆனா புராணப்படி நரகாசுரனுக்கு பகதத்தன்னு ஒரு மகன் இருக்காரு. அவர்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்களேன்."

"அவர் குருக்ஷேத்திரத்துல போயிட்டார்."

"அப்ப டெத் சர்டிபிகேட்."

பட்டாபிராமன் பையைத் துழாவினார். உண்மையிலேயே துழாவினார், கேட்டால் தேடிப் பார்க்கும் பழக்கம். ராஜகோபால்தான் பெருந்தன்மையோடு குறுக்கிட்டு, இவ்வளவு கண்டிப்பு வேண்டாம் என்று சொல்லி, அவரைத் தாற்காலிக அசுரப் பொறுப்பாளராக நியமித்தார். அடையாள அட்டையும் தந்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கும்போது, கடைக்காரப் பையன் அதைப் படித்துவிட்டு வழிவிட்டான்.

அடுத்த அமர்வுக்கு மேடை வடிவத்தின் ஒளிப்பதிவு வேண்டும் என்றார்கள். அதற்கென்ன பஞ்சம் என்று பட்டாபிராமன் நினைத்தார். நாடகத்தன்று மைதானத்தில் செல்போனை உயர்த்திப் பிடிக்காத ஆள் கிடையாது. வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கினார். எல்லாரும் மனசார அனுப்பினார்கள். பேரவையின் திரையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள்.

அவரவர் அவரவர் குழந்தையைத்தான் எடுத்திருந்தார்கள். அசுரப் படையில் மூன்றாவதாக நிற்கும் குழந்தை கொட்டாவி விடுவது தெளிவாக இருந்தது. யாதவ சேனையில் ஒரு குழந்தை மூக்கைக் குடைவது மிக அருகில் இருந்தது. "கண்ணா, இங்க பாரு, அம்மாவைப் பாரு" என்ற குரல் எல்லாவற்றிலும் இருந்தது. நரகாசுரன் மட்டும் ஓரத்தில் ஒரு முழங்கையாக வந்து போனான். சில வீடியோக்களில் அந்த முழங்கையோடு நாற்காலியின் கைப்பிடியும் தெரிந்தது. வரம் கேட்கும் கட்டத்தில் படையில் இருக்கும் குழந்தைகள் இறங்கி ஓடிவிடும் என்பதால் அதை யாருமே எடுக்கவில்லை.

சபீஹாவின் கணவர் அத்தாவுல்லாவுக்கு எலக்ட்ரிக் கடை; நாடகத்துக்கு விளக்கும் மைக்கும் அவர் பொறுப்பு. அவர் எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. முழுக்க முழுக்க ஃபோகஸ் லைட். புதிதாக வாங்கியதாம்.

பட்டாபிராமன் அந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையும் விதத்திலிருந்து அவள் என்ன கோபத்தில் இருக்கிறாள் என்று அவரால் சொல்ல முடியும். இன்னொரு தடவை போடச் சொல்லலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை.

"மேடை வடிவம் முழங்கை வரை உறுதி செய்யப்பட்டது" என்று ஹரிபிரசாத் குறித்துக்கொண்டார்.

அதே அமர்வில் பேரவையின் படத்தையும் போட்டார்கள். அனிருத் நேரில் வந்து விளக்கினான். நல்ல பையன்தான்; மாமா சொன்னதைச் செய்கிறவன். அறுபத்தெட்டு வயது ராஜகோபாலை கம்ப்யூட்டரில் இருபத்திரண்டாக்கியிருந்தான். முகம் வழுவழு என்று ஒரு வேகவைத்த முட்டைபோல் இருந்தது. கழுத்தை மட்டும் விட்டுவிட்டான், பட்ஜெட் போதவில்லையாம். நரகாசுரனாக ஒரு ஜிம் பயிற்சியாளர். அவரைத் தன் தாயால் மட்டுமே கொல்ல முடியும் என்பதும், அந்தத் தாய்தான் சத்தியபாமாவாகப் பிறந்திருக்கிறாள் என்பதும் கதை. ஆனால் படத்தில் சத்தியபாமாவுக்கு ஒரே காட்சிதான்: தேரைத் துணியால் துடைக்கிறாள். அம்பு விடுவது கிருஷ்ணர். அந்த அம்பு புறப்பட்டு நரகாசுரனை அடைய இடைவேளை விடும் அளவுக்கு நேரம் பிடித்தது. அடைந்ததும் நரகாசுரன் மெதுவாக, மிக மெதுவாக, ஒவ்வொரு தசையாகச் சாய்ந்தான். சாய்ந்து முடித்ததும் வாயே திறக்காமல் கண்ணை மூடிவிட்டான். கிருஷ்ணர் கேமரா பக்கம் திரும்பி, இந்த நாளை மக்கள் தீபாவளியாகக் கொண்டாடுவார்களாக என்று அறிவித்து, பேரவையின் சார்பில் வாழ்த்தும் தெரிவித்தார்.

"வரம் எங்கே?" என்று கேட்டார் பட்டாபிராமன். அந்த அறையில் அவர் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"வில்லன் வரம் கேட்டா ஹீரோ இமேஜ் டவுன் ஆகும் அங்கிள்," என்றான் அனிருத். "அதான் ஹாலிடே டிக்ளேர் பண்றதை மாமாவுக்கே குடுத்துட்டோம்."

"கேட்டவன் அவன்தானே? தீபாவளியே அவன் கேட்டதுதானே?"

ஹரிபிரசாத், மேடையில் அந்த வசனம் எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, பாலாம்பாள் எதையும் எழுதி வைத்ததில்லை. எழுத்தில் இல்லாத ஒன்றை யாரும் நீக்கியதாகச் சொல்ல முடியாது என்று ஹரிபிரசாத் விளக்கினார். அப்படியென்றால் அவன் என்னதான் கேட்டான், நீங்களே சொல்லுங்கள் என்றார் ராஜகோபால்.

பட்டாபிராமன் வாயைத் திறந்தார். இத்தனை வருஷம் ஆறடி தூரத்தில் நின்றிருக்கிறார். மீசை கழன்ற ஒவ்வொரு கோணமும் ஞாபகம் இருக்கிறது. அவள் என்ன சொன்னாள் என்பது ஒரு வரிகூட ஞாபகம் இல்லை.

இனி நரகாசுரன் வாய் திறக்காமல் சாவான். எல்லாக் காலனியிலும், ஒவ்வொரு வருஷமும். அவள் கேட்டதை யாரும் கேட்கப் போவதில்லை. இது கீழே இறங்கும்போது, வாஷ்பேசின்களுக்கு நடுவில்தான் அவருக்கு உறைத்தது. திரும்ப மாடி ஏறினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே ஒப்பீடு, நாங்கள் நாடகத்தைப் போடுகிறோம், நீங்களே வந்து பாருங்கள் என்றார். நரகாசுரன் யார் என்று கேட்டார்கள். கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

நேராக சபீஹாவின் கடைக்குப் போனார். அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, பட்டன் டப்பாவைத் திறந்து, அடியிலிருந்து மீசையை எடுத்துக் கொடுத்தாள். பாலாம்பாள் போன அன்றைக்கு ராத்திரி மழை வந்தபோது கொடியில் கிடந்ததை அவள்தான் எடுத்து வந்து பத்திரப்படுத்தியிருக்கிறாள். இவருக்கு அதுவும் தெரியாது.

அக்கா வருஷா வருஷம் வேற வேற மாதிரி கேப்பாங்க என்றாள் சபீஹா. வெள்ளம் வந்த மறு வருஷம் கட்டில் காலுக்கு மேல தண்ணி ஏறக்கூடாதுன்னு கேட்டாங்க. கொரோனா வருஷம் மொட்டைமாடியில நின்னு, எல்லாரும் எல்லார் மூஞ்சியையும் முழுசாப் பாக்கணும்னு கேட்டாங்க. இன்னொரு வருஷம், இரும்புலியூர் சிக்னல்ல நிக்கிற நேரத்தை ஆயுசுல கூட்டிக் குடுக்கணும்னு கேட்டாங்க.

"கடைசி வரி மட்டும் மாறாது அண்ணா. காலனியில எல்லாருக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியாதே."

"நீங்க எங்க கேட்டீங்க? கயித்தைப் புடிச்சிகினு மீசையையே பாத்துகினு இருந்தீங்க."

"இப்பச் சொல்லேன்."

சபீஹா பட்டன் டப்பாவை மூடினாள். "இப்பச் சொன்னா ராத்திரி பூரா மனப்பாடம் பண்ணி, அங்க வந்து மறந்துருவீங்க. அந்த எடத்துல நான் எடுத்துக் குடுக்கறேன். அக்காவுக்கும் அப்படித்தான், மொத ரெண்டு வருசம்."

அத்தாவுல்லா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "இன்னா சார் இது, ஒரு அசுரன் சாவுறதுக்கு இம்மாம் பேஜாரா?" என்றார். பிறகு, லைட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், புதுசாக இன்னொன்றும் வாங்கியிருக்கிறேன் என்றார்.

பாலாம்பாளின் முதல் வருஷத் திதியான வருஷாப்திகம் முடிந்த மறு வாரம், நாடகத்துக்கான ஞாயிற்றுக்கிழமை வந்தது. மீசை ஒட்டிக்கொள்ளலாமா என்று சாஸ்திரிகளிடம் கேட்டிருந்தார். எந்த நூலிலும் மீசைக்குத் தடை இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். நரகாசுரன் வேஷம் என்றதும், கிருஷ்ணர் யார் என்று மட்டும் விசாரித்தார்.

ஒப்பீட்டு விதிகளை ஹரிபிரசாத் மைக்கில் வாசித்தார். இரு வடிவங்களும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில், பார்வையாளர்களிடமிருந்து ஒரே தூரத்தில் நிகழும். ஆகவே சிமெண்ட் மேடையின் வலது பாதியில் வெள்ளைத் துணி கட்டப்பட்டு அதில் படம். இடது பாதியில் நாடகம். கிருஷ்ணருக்கும் கிருஷ்ணருக்கும், அசுரனுக்கும் அசுரனுக்கும் மதிப்பெண். நாற்காலியில் உட்கார்ந்து சாவது குறித்துத் தனியாக ஒரு துணைக்குழு. நடுவில் தலைவர் ராஜகோபால், மாலையோடு. அவருக்கு ஒரு பக்கம் அவரே இருபதடி உயரத்தில் தேர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

சிரமம் உடனே ஆரம்பித்தது. மேடைக் கிருஷ்ணர் பல் டாக்டர் ஸ்ரீநிவாசராகவன், சாதுவான மனிதர். "யாரடா அவன்?" என்று திரைக் கிருஷ்ணர் கர்ஜித்தபோது, தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, "நான்தான்" என்றுவிட்டார். திரையில் குதிரைகள் கனைக்க, மேடையில் யாதவ சேனை அழ ஆரம்பித்தது. திரையில் சத்தியபாமா தேரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, மேடையில் சத்தியபாமா வில்லை வளைத்தாள். இரண்டாவது தெரு சின்மயி, வங்கியில் கேஷியர். குறி பார்ப்பதில் கெட்டி. அம்பு நேராக வந்தது. பட்டாபிராமன் கக்கத்தைத் திறந்து மூடினார். மாட்டிக்கொண்டது. தனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பக்கத்தில் ஜிம் பயிற்சியாளர் இன்னும் சாய்ந்துகொண்டிருந்தார். அவர் சாய்ந்து முடிக்க, கிருஷ்ணர் கேமரா பக்கம் திரும்பி, கையை உயர்த்தி, வாயைத் திறந்தார். அப்படியே நின்றார். ஒரு சின்ன வட்டம் தோன்றி அவர் நெற்றியில், நாமம் இடும் இடத்தில், சுற்ற ஆரம்பித்தது.

"நெட் சார்," என்றான் அனிருத். தரம் குறையக்கூடாது என்று படத்தை இணையத்திலிருந்தே ஓட்டுகிறானாம்.

ஹரிபிரசாத் எழுந்து மேடையோரம் வந்தார். "சார், நீங்க சாகறதைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. அந்தப் பக்கம் இன்னும் முடியலை. நீங்க முன்னாடி முடிச்சுட்டா ஒப்பீடு செல்லாது."

பட்டாபிராமன் நிறுத்தினார். அம்பு கக்கத்தில் இருந்தது. வட்டம் சுற்றியது. திறந்த வாயோடு இருபதடி ராஜகோபால்; அவருக்குக் கீழே, என்ன செய்வதென்று தெரியாமல் அதே மாதிரி வாயைத் திறந்துகொண்டு ஐந்தரையடி ராஜகோபால். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. கொசு கடித்தது. சொறிந்துகொள்ளலாமா என்று பட்டாபிராமனுக்குச் சந்தேகம். விதிகளில் அது இல்லை.

சின்மயிக்குத்தான் பொறுமை போனது. கவுண்ட்டரில் ஒருவரையும் காக்க வைத்துப் பழக்கமில்லாதவள். வில்லைக் கீழே வைத்துவிட்டு, தன் வசனத்தைச் சொன்னாள்: "மகனே, உனக்கு என்ன வரம் வேண்டும், கேள்."

ஹரிபிரசாத், இது விதிமீறல் என்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்குப் பேச வராது," என்றார் நரகாசுரன். "இத்தனை வருஷமா நான் கயிறுதான் இழுத்துண்டிருந்தேன்."

மைதானம் சிரித்தது. அது அவருக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது.

"முதல் வரம், காலம்பற குப்பை வண்டி வரணும். இத்தனை யுகமா நான் வருஷா வருஷம் செத்துண்டிருக்கேன். அதுக்கு இதாவது நடக்கட்டும்."

இந்த முறை கைதட்டல் நிற்க நேரமானது. ராஜகோபாலும் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டு, கையைக் கீழே வைத்துக்கொண்டார்.

"ரெண்டாவது, நான் போயிட்டேன்னு பட்சணம் பண்ணாம இருக்காதீங்கோ. மாலாடுக்கு மாவு பாதி சலிச்சபடியே இருக்கு. நெய் காய்ச்சி யாராவது பிடிச்சு முடிச்சுடுங்கோ. எனக்குப் பிடிக்கத் தெரியாது, உதிர்ந்துடும்."

இப்போது சிரிப்பு வரவில்லை.

"விடியக்காலம்பற எழுந்து, என் பேரைச் சொல்லி, எண்ணெய் தேய்ச்சுக் குளிங்கோ. அப்பறம்…"

அப்புறம் எதுவும் இல்லை. அவர் திரைப் பக்கம் பார்த்தார். அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில், கயிற்றை ஒரு கையில் சுற்றிக்கொண்டு சபீஹா நின்றிருந்தாள். மெதுவாகத்தான் எடுத்துக் கொடுத்தாள்: "சீயக்காய்…"

அவள் முடிக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. மைதானம் முழுக்க, பல் முளைத்தவர்களும் பல் போனவர்களும் சேர்ந்து சொன்னார்கள்:

"சீயக்காய் கண்ணுல பட்டா மட்டும் அழலாம்."

இதுவா, என்று நினைத்தார் பட்டாபிராமன். ஆறடி தூரத்தில் வருஷா வருஷம் இதையா சொல்லிக்கொண்டிருந்தாய்.

"சீயக்காய் கண்ணுல பட்டா மட்டும் அழலாம்," என்றார் நரகாசுரன். "வேற எதுக்கும் கூடாது."

இடது மீசை கழன்று தொங்கியது.

சபீஹா கயிற்றை இழுத்தாள். பட்டாசு வெடித்தது. அத்தாவுல்லாவின் இரண்டு விளக்குகளும் மூடிய திரையையே வெகுநேரம் பிரகாசமாகக் காட்டிக்கொண்டிருந்தன. அதற்குப் பக்கத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

புகை அடங்கியதும் ராஜகோபால் முடிவுரை ஆற்றினார். "பேரவையின் படம் இன்னும் முடியவில்லை என்பதே அதன் ஆழத்துக்குச் சான்று. நாடகம் முடிந்துவிட்டது; முடிந்துபோகிற கலைக்கு ஓர் எல்லை உண்டு. என் முகம் இவ்வளவு நேரம் மக்கள் பார்வையில் இருந்தது இதுவே முதல் முறை. அதை ஒரு வெற்றியாகவே கருதுகிறேன். எனக்கு எதிலும் சார்பு இல்லாத காரணத்தால் தீர்ப்பைச் செயலரிடமே விட்டுவிடுகிறேன்."

ஹரிபிரசாத் விதிக்குக் கட்டுப்பட்ட மனிதர். அந்த மட்டில் அவரைக் குறை சொல்ல முடியாது. முடிந்த சாவை முடியாத சாவோடு ஒப்பிட விதிகளில் இடமில்லை என்று அறிவித்தார். படம் முழுமையாக ஓடி முடியும் நாளில் ஒப்பீடு தொடரும். அதுவரை பழைய நிலையே நீடிக்கும்: நரகாசுரன் மேடையில், நாற்காலியில், வாயைத் திறந்து வரம் கேட்டே சாகலாம். தாற்காலிக அசுரப் பொறுப்பாளரின் பதவிக்காலமும் அதுவரை நீட்டிக்கப்படுகிறது.

மறுநாள் காலை சபீஹாவும் சின்மயியும் வந்தார்கள். பழைய மாவைக் கொட்டிவிட்டுப் புதிதாக அரைத்தார்கள். சல்லடை மட்டும் அதேதான். பட்டாபிராமனும் உட்கார்ந்து நாலு உருண்டை பிடித்துப் பார்த்தார். உதிர்ந்தது. அத்தாவுல்லா உதிர்ந்ததையே ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, டேஸ்ட் நல்லாத்தான் கீது என்றார். குப்பை வண்டி வரவில்லை.

அவர்கள் போனபின் பட்டாபிராமன் மீசையை ஷாம்பு போட்டு அலசி, கோந்தை நகத்தால் சுரண்டி எடுத்து, மாடிக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டார். மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும், ஒருவரும் சொல்லாமலே, மாடி ஏறினார். இரண்டு பனியன்களை ஒதுக்கிவிட்டுத் தொட்டுப் பார்த்தார்.

இன்னும் காயவில்லை.